வீடற்றோருக்காக உள்ளாட்சிகள் அவசர நிதி கேட்பது சரியா?

தெருவிளக்கு:
பல நாடுகளில் உள்ளாட்சிகள் ஒரே கோரிக்கையோடு மேலே இருக்கும் அரசின் வாசலில் நிற்கின்றன. தெருவில் படுப்பவர்கள் கூடிவிட்டார்கள், எங்கள் பட்ஜெட் தாங்கவில்லை, அவசர நிதி கொடுங்கள் என்கிறார்கள். சியாட்டில் நகரம் 2015 நவம்பரில் இதற்காக அவசரநிலையே அறிவித்தது. 2022 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் மேயரான கேரன் பாஸ் பதவியேற்றதும் செய்த முதல் வேலை அதுதான். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் நாம் யோசிக்காமல் நிதி ஒதுக்குகிறோம். கூரை இல்லாமல் ஒருவர் குளிரில் விறைத்துச் சாவது மட்டும் ஏன் அவசரம் ஆகாது? கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வந்து பேசுங்கள்.

கணக்கன்:
நான் மறுக்கிறேன். வெள்ளம் வடிந்துவிடும், அதனால்தான் அது அவசரம். சியாட்டிலில் அறிவித்து எத்தனை வருடம் ஆகிவிட்டது, பிரச்சினை தீர்ந்ததா? லாஸ் ஏஞ்சலஸ் கதையையும் பாருங்கள். 2016இல் மக்கள் வாக்களித்து 120 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். இலக்கு 10,000 வீடுகள். 2021இல் கட்டிக்கொண்டிருந்த வீடுகளின் சராசரிச் செலவு ஒன்றுக்கு 6 லட்சம் டாலரை நெருங்கியது. கலிஃபோர்னியா மாநிலம் ஐந்து நிதியாண்டுகளில் ஏறத்தாழ 2,400 கோடி டாலர் செலவிட்டது. அதனால் என்ன பலன் கிடைத்தது என்பதை அரசு தொடர்ந்து கண்காணிக்கவில்லை என்று 2024இல் மாநிலத் தணிக்கையாளரே எழுதினார். இவ்வளவுக்கும் பிறகு இன்னும் ஒரு மூட்டை பணம் என்றால் யாருக்காக?

தெருவிளக்கு:
ஒரு திருத்தம். நீங்கள் சொல்லும் கடன் பத்திரம் அவசர நிதியே இல்லை. அது பல ஆண்டு கட்டுமானத் திட்டம். மெதுவாகவும் அதிகச் செலவிலும் நடந்ததற்கு அனுமதிகள், நிலம், பல இடங்களில் இருந்து துண்டு துண்டாக நிதி திரட்ட வேண்டியிருந்தது என்று வேறு காரணங்கள் உண்டு. அவசரநிலை அறிவித்த பிறகுதான் முழுக்கக் குறைந்த வாடகை வீடுகளாக இருக்கும் கட்டடங்களுக்கு அனுமதியைச் சீக்கிரம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

உண்மையான அவசர நடவடிக்கை வேண்டுமென்றால் இங்கிலாந்தைப் பாருங்கள். 2020 மார்ச் மாதம், கொரோனா தொடங்கிய நேரம். தெருவில் இருப்பவர்கள் எல்லோரையும் அந்த வார இறுதிக்குள் உள்ளே கொண்டு வாருங்கள் என்று கவுன்சில்களுக்கு, அதாவது அங்குள்ள உள்ளாட்சிகளுக்கு, அரசு சொன்னது. காலியாகக் கிடந்த ஹோட்டல் அறைகளை எடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 30,000 பேருக்கு மேல் தங்க இடம் கிடைத்தது. முதல் அலையில் மட்டும் 266 மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று ஒரு மருத்துவ ஆய்வு கணக்கிட்டது. அந்த 266 பேரிடம் போய் இது வீண் செலவு என்று சொல்வீர்களா?

கணக்கன்:
சொல்ல மாட்டேன். தொற்றுநோய்க் காலத்தில் அதைச் செய்தது சரி. ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒரே இரவில் தெருவில் படுத்திருப்பவர்களைக் கணக்கெடுக்கிறார்கள். 2019இல் 4,266 பேர். அந்த முயற்சிக்குப் பிறகு 2021இல் 2,440. அப்புறம் 2023இல் 3,898, 2024இல் 4,667. ஹோட்டல் கதவு மூடியதும் எண்ணிக்கை பழைய இடத்துக்கே ஏறி, அதையும் தாண்டிவிட்டது. நீங்கள் காட்டிய உதாரணம்தான் என் வாதமும்.

தெருவிளக்கு:
பணம் இருந்தபோது இறங்கியது, பணம் போனதும் ஏறியது. இதிலிருந்து பணம் பயனற்றது என்ற முடிவுக்கு எப்படி வருகிறீர்கள்?

திண்ணை:
நான் எந்தக் கட்சியும் இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு குளிர்காலம் ஓர் இரவுக் காப்பகத்தில் தன்னார்வலராக இருந்தேன். அது முழுக்க அவசர நிதியில் நடந்தது. நிதி முடியும் தேதி எங்களுக்கு முதல் நாளே தெரியும். தங்கியிருந்தவர்களுக்கும் தெரியும். கடைசி வாரம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் தன் போர்வையை மடித்து என்னிடம் கொடுத்து, அடுத்த வருடம் வருவேன், பத்திரமாக வைத்திருங்கள் என்றார். அடுத்த வருடம் அவர் வரவில்லை.

பணம் போதவில்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்த ஊழியர் இரண்டாவது மாதமே வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார். மனம் திறந்து பேசவே ஒருவருக்கு ஆறு வாரம் ஆகும். அவர் பேச ஆரம்பிக்கும்போது கேட்கிறவர் போயிருப்பார். நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும் என்று கடைசியில் பொருள்களை வாங்கிக் குவித்தோம். எங்களிடம் வந்தவர்களில் சிலர் இரண்டு மூன்று மாத வாடகைப் பாக்கியால் வீட்டை இழந்தவர்கள். அந்தப் பாக்கியை அப்போதே கட்டியிருந்தால் அவர்கள் எங்கள் வாசலுக்கே வந்திருக்க மாட்டார்கள்.

மணல்வீடு:
ஒரு நகரம் தாராளமாகக் கொடுத்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் அங்கே வந்து சேர்வார்கள். செலவு அந்த ஊர் வரி கட்டுபவர் தலையில். இதை யாரும் பேசுவதில்லை.

வானம்பாடி:
மணல்வீடு, அதனால்தானே உள்ளாட்சி தன் கையை மட்டும் நம்பாமல் மத்திய அரசிடம் கேட்கிறது! செலவு ஒரே ஊரின் மேல் விழக்கூடாது என்பதுதான் இந்தக் கோரிக்கையின் அடிப்படை.

கணக்கனுக்கு ஒன்று. இங்கிலாந்துக் கவுன்சில்கள் ஏன் கையேந்துகின்றன என்று பாருங்கள். வீடிழந்த குடும்பத்தைத் தற்காலிகமாகத் தங்கவைப்பது அங்கே சட்டக் கடமை, 1977 முதல் இருக்கிறது. அந்தச் செலவில் மத்திய அரசு திருப்பித் தருவதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு, 2011ஆம் ஆண்டு வாடகை அளவில் 90 சதவீதம். வாடகை எங்கேயோ போய்விட்டது, வரம்பு அங்கேயே நிற்கிறது. இடைவெளியைக் கவுன்சில் தன் பணத்தில் நிரப்புகிறது. கடமையை மேலே எழுதினார்கள், பில்லைக் கீழே அனுப்பினார்கள். இதில் கவுன்சில் கேட்பதைப் பிச்சை போலப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கணக்கன்:
நல்ல தகவல், ஆனால் அது எனக்குத்தான் துணை. விதி தவறு என்றால் விதியை மாற்றச் சொல்லிப் போராடுங்கள். வருடா வருடம் அவசர மானியம் வாங்கிக்கொண்டால் அந்த 2011 வரம்பை மாற்றும் கட்டாயம் யாருக்கும் வராது. ஓட்டைப் பானையில் ஊற்றிக்கொண்டே இருப்போம்.

ஃபின்லாந்து 2008இல் என்ன செய்தது? முதலில் வீடு, மற்ற உதவிகள் பிறகு என்று முடிவெடுத்து, காப்பகங்களையே வாடகைக் குடியிருப்புகளாக மாற்றியது. ஹெல்சிங்கியில் 2008இல் காப்பகப் படுக்கைகள் 558 இருந்தன, 2016இல் 52தான். படுக்கையைக் குறைத்து, வீட்டைக் கூட்டினார்கள்.

தெருவிளக்கு:
ஃபின்லாந்தை நானும் மதிக்கிறேன். 1987இல் அங்கே வீடற்றவர்கள் 18,000க்கும் மேல், 2023இல் 3,429. ஆனால் இடையில் 36 வருடம் இருக்கிறது ஐயா. அந்த 36 வருடத்தின் ஒவ்வொரு இரவும் யாரோ ஒருவருக்கு இன்றைய இரவு. 2024இல் எண்ணிக்கை 3,806 ஆக ஏறியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே ஆண்டு அரசு வீட்டு வாடகை உதவித்தொகையைக் குறைத்திருந்தது. நிரந்தரத் திட்டம் என்று பெயர் வைத்தாலும் பணத்தை எடுத்தால் அதுவும் சரியும்.

கணக்கன்:
சரி, ஒரு படி இறங்கி வருகிறேன். அவசர நிதி கொடுக்கட்டும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பணம் தீர்ந்த மறுநாள் ஒவ்வொருவரும் எங்கே தூங்குவார் என்று விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். எந்த வீடு, யார் வாடகை கட்டுவார்கள், எத்தனை காலம். திண்ணை சொன்ன அந்தப் பெரியவருக்கு மறுநாள் போக ஓர் இடம் எழுதப்பட்டிருந்தால் நான் மறுத்திருக்கவே மாட்டேன்.

தெருவிளக்கு:
நிபந்தனை எனக்குச் சம்மதம். ஆனால் அதை எழுதி முடிக்கும்வரை பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. முதல் மாதத்துக்கு முதலில் கொடுங்கள், திட்டம் அந்த மாதத்துக்குள் வரட்டும்.

கணக்கன்:
முதல் மாதம் என்பது முதல் வருடம் ஆகிவிடும். அதுதான் எங்கும் நடக்கிறது.

திண்ணை:
எங்கள் காப்பகத்துக்கு நிதி உறுதி என்ற கடிதம் கைக்கு வந்தபோது குளிர்காலம் பாதி போயிருந்தது. அதுவரை கதவைத் திறக்க எங்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் படிவத்தை நிரப்ப நான் தயார் கணக்கன், இரவோடு இரவாக உட்கார்ந்து நிரப்புகிறேன். ஆனால் நிரப்பும் அந்த இரவு வாசலில் நிற்பவரை உள்ளே விடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.