முழங்காலுக்கு எக்ஸோசோம் ஊசி: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால் தூணைப் பிடித்துக்கொண்டுதான் திண்ணையில் உட்காருகிறார். கோவையில் ஒரு கிளினிக்கில், எக்ஸோசோம் ஊசி போட்டால் ஜவ்வு வளர்ந்துவிடும் என்கிறார்கள். கேட்கிற தொகைக்கு ஒரு கறவை எருமையே வாங்கலாம்.

நானும் தேடிப் படித்தேன். செல்கள் வெளியே விடும் 30 முதல் 150 நானோமீட்டர் அளவுக் குமிழிகள்தான் எக்ஸோசோம்கள். 1980களில் கண்டுபிடித்தபோது செல்லின் குப்பை என்று நினைத்தார்களாம். இப்போது அதற்குள் இருக்கும் ஆர்என்ஏவை (செல்லின் மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) வைத்து, வெறும் சிறுநீரிலிருந்தே புராஸ்டேட் புற்றுநோய் அபாயத்தைக் கணிக்கும் சோதனை அமெரிக்காவில் வந்துவிட்டது. இந்தக் குமிழிகளில் மருந்தை ஏற்றி அனுப்பவும் ஆராய்கிறார்கள். பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் சிகிச்சைக்கென்று எந்த எக்ஸோசோம் மருந்துக்கும் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ இதுவரை அனுமதி தரவில்லை. அதுதான் என் பயம்.

இங்கே யாராவது முழங்காலுக்குப் போட்டுக்கொண்டீர்களா? ஆறு மாதம் கழித்து எப்படி இருந்தது? எந்த செல்லிலிருந்து எடுத்தது என்று கேட்டேன், பதில் இல்லை. வேறு என்ன கேட்க வேண்டும்? அப்புறம், பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ அம்மாவிடம் நிதானமாகப் பேசும் எலும்பு மருத்துவர் இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா எருமையை விற்க ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார்.