கூடுதல் நேரத்துக்கு அனுமதி இருக்கிறது, பேராசிரியர் மறுக்கிறார். என்ன செய்வது?

மல்லிகை:
கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, பொருளியல். 16 வயதிலிருந்து முடக்குவாதம். 20 நிமிடம் எழுதினால் வலது கை விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். தேர்வில் மடிக்கணினி, 3 மணி நேரத்துக்கு 1 மணி நேரம் கூடுதல் என்று மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவு கடிதமே கொடுத்துவிட்டது. ஆனால் ஒரு பேராசிரியர், "மற்ற பிள்ளைகளுக்கு இது அநியாயம். உன்னைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்" என்கிறார். தேர்வுக்கு மூன்று வாரம்தான். எதிர்த்துப் பேசினால் மதிப்பெண்ணில் கை வைப்பாரோ என்று பயம். விட்டுவிடலாமா?

கரையோரம்:
விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முதலாம் ஆண்டில் விரிவுரைகளை எழுத்து வடிவில் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள், ஆறு வாரம் ஓடிப்போயிற்று. "எப்போது கேட்டாய்?" என்று திருப்பிக் கேட்டபோது காட்ட ஒரு தாள்கூட என்னிடம் இல்லை. அதனால் அவர் வாயால் சொன்னதை இன்றே மின்னஞ்சலாக்குங்கள்: "கூடுதல் நேரம் தர இயலாது என்று சொன்னீர்கள், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா ஐயா?" அவ்வளவுதான். மாணவர் பிரிவுக்கும் ஒரு நகல். கோபம் ஒரு சொல்லில்கூட வேண்டாம்.

அப்புறம், அனுமதி கொடுத்தது அந்தப் பிரிவு. அவரிடம் பேசி முடிப்பது அவர்கள் பொறுப்பு. மூவரும் உட்கார்ந்து பேசக் கேளுங்கள். அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தேர்வு பாட அறிவைச் சோதிக்கிறதா, கை ஓடும் வேகத்தையா? சுருக்கெழுத்துத் தேர்வு என்றால் அவர் பக்கம் நியாயம் உண்டு. பொருளியலுக்கு அது பொருந்தாது.

ஐ.நா. 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்கிறது (2-வது பிரிவு). 24-வது பிரிவில் உயர்கல்வியும் வருகிறது. அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால்தான் மறுக்க இடமுண்டு. ஒரு அறையும் ஒரு மணி நேரமும் ஒரு கல்லூரிக்குச் சுமையா? நீங்கள் சலுகை கேட்கவில்லை, அதை மறக்காதீர்கள்.

தேர்வறை:
பல வருடம் தேர்வுக் கண்காணிப்பில் இருந்தவள் நான். மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் எடுபடாது. எத்தனை நிமிடம் எழுத முடிகிறது, அதற்குமேல் விரல் என்ன ஆகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். "நன்றாகத்தானே இருக்கிறாய்" என்பதற்கு அதுதான் பதில். கூட்டத்திலும் சம்மதிக்காவிட்டால், மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேட்டு மேல்முறையீடு செய்யுங்கள். முடிவு வரும்வரை மாணவர் பிரிவு அனுமதித்த ஏற்பாடே தொடரட்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் தேர்வு முடிந்த பிறகுதான் தீர்ப்பு வரும். மதிப்பெண் பயம் இருந்தால், விடைத்தாளை வேறொருவர் திருத்தட்டும் என்று கேட்கலாம், தப்பே இல்லை.

மல்லிகை:
மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன் அண்ணா. வியாழக்கிழமை கூட்டம், பிரிவிலிருந்து ஒருவர் வருகிறார். அக்கா, மருத்துவரிடம் சொல்வதற்காக நேற்று இரவு கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். 17-வது நிமிடத்தில் பேனா நழுவிவிட்டது. அந்தத் தாளையும் எடுத்துப் போகிறேன்.