நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ முடிக்கப்படாத இசைத்தட்டா?

காட்பாடி வாசகர்:
வணக்கம். 1948-இல் இரங்கூனில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த பாடகர் நிக் டிரேக், 1972-இல் வெளியிட்ட ‘பிங்க் மூன்’ இசைத்தட்டின் மறுபதிப்பை என் மாமா எனக்குக் கொடுத்தார். அவருடைய முதல் இரண்டு தட்டுகளில் வயலின், செல்லோ முதலிய வாத்தியங்கள் நிறைந்திருக்க, இதில் கித்தாரும் குரலும், முதல் பாட்டில் மட்டும் சிறிது பியானோவும்தான் உள்ளன. பதினொரு பாடல்களும் 28 நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டான ‘நோ’வில் (Know) ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வந்ததால், முள் சிக்கிக்கொண்டதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். இது பாதியில் விடப்பட்ட வேலையா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆரணி வாசகர்:
தம்பி, அவர் விரும்பிச் செய்ததுதான் இது. 1971 அக்டோபரில், லண்டனின் சவுண்ட் டெக்னிக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்க, இரண்டே இரவுகளில் பாடி முடித்தார். முன்பு ராபர்ட் கர்பி அமைத்துக் கொடுத்த தந்தி இசையை இம்முறை அவர் நாடவில்லை. அந்தப் பியானோவும் அவரே வாசித்ததுதான். நம் பக்கத்துத் தெருக்கூத்துக்கு முகவீணையும் ஆர்மோனியமும் மத்தளமும் முழங்க வேண்டும். ஆனால், நடவு வயலில் பெண்கள் வெறுங்குரலில் பாடுவதைக் முடிக்கப்படாத பாட்டு என்று யார் சொல்வார்?

சத்துவாச்சாரி வாசகர்:
கித்தார் பழகுபவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். தலைப்புப் பாட்டில் அவர் கம்பிகளை வழக்கமான சுருதியில் வைக்கவில்லை. ஆறாவது கம்பியை ‘ஈ’யிலிருந்து ‘சி’க்கு இறக்கி, மற்றவற்றில் சிலவற்றையும் மாற்றிக்கொள்கிறார். அதனால் அழுத்தாத கம்பிகள் தம்பூராவைப் போல அடியில் ரீங்கரித்துக்கொண்டே இருக்கின்றன. நான் மாதக்கணக்கில் முயன்றும் அந்தச் சீரான ஓட்டம் கைவரவில்லை. இத்தனையும் ஒரே கித்தாருக்குள் நிகழும்போது இன்னொரு வாத்தியத்துக்கு இடம் எங்கே?

வாலாஜாபேட்டை வாசகர்:
பக்கத்துக்கு ஏறக்குறைய 14 நிமிடங்களே என்பதால் முள் ஓடும் வரித்தடங்களை நெருக்க வேண்டிய தேவை இல்லை; ஆனால் குரலும் கித்தாரும் மட்டுமே இருப்பதால் ஒவ்வொரு தூசியும் காதில் விழும். தட்டைத் துடைத்துவிட்டுக் கேளுங்கள்.
இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1974 நவம்பரில் 26 வயதில் அவர் இறந்துவிட்டதால், பலர் இத்தட்டை மரண ஓலையாகவே கேட்கிறார்கள். அது எனக்கு வேதனையாக இருக்கிறது. கடைசிப் பாட்டான ‘ஃப்ரம் த மார்னிங்’ விடியலைப் பாடுகிறது. டான்வொர்த்-இன்-ஆர்டன் ஊரில் உள்ள அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருப்பதும் அந்தப் பாட்டின் வரிகளே. வாழ்ந்த நாளில் மிகச் சிலரே வாங்கிய இந்தத் தட்டு, 1999-இல் ஒரு கார் விளம்பரத்தில் தலைப்புப் பாட்டு ஒலித்த பிறகே பெருந்திரளான மக்களைச் சென்றடைந்தது.

காட்பாடி வாசகர்:
அனைவருக்கும் நன்றி. தட்டைத் துடைத்து, நேற்றிரவு ‘நோ’வை மறுபடி கேட்டேன். அந்தத் துணுக்கின் மேல் நான்கே வரிகளை அவர் பாடும்போது, இம்முறை நான் எழுந்து போகவில்லை.