காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது: பழைய டீசல் பிக்கப், யாராவது வழி சொல்லுங்கள்

மலைச்சரக்கு
2004 மாடல் டீசல் பிக்கப். நாலு சிலிண்டர், ஹீட்டர் பிளக் (குளிரில் எடுக்க சிலிண்டரைச் சூடாக்குகிற பிளக்) உண்டு, டீசல் அடிப்பது ரோட்டரி பம்ப், சென்சார் கின்சார் எதுவும் கிடையாது. கேத்தியிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற வண்டி. பனி ஆரம்பித்ததிலிருந்து காலையில் எடுக்க மாட்டேன் என்கிறது. செல்ஃப் நன்றாகத்தான் சுற்றுகிறது, ரொம்ப நேரம் புகையே வராது, அப்புறம் கொஞ்சம் வெள்ளைப் புகை, அதற்கப்புறம் தடதடவென்று ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நார்மலாகிவிடும். மதியம் சாவியைத் தொட்டாலே போதும். மண்டியில் ராத்திரி நிறுத்தினாலும் காலையில் பிரச்சினை இல்லை. பேட்டரி புதுசு. பம்பைக் கழற்றிக் கொடுங்கள் என்கிறார் மெக்கானிக், செலவை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

எர்த்கேபிள்
புது பேட்டரி என்பதற்காக விட்டுவிடாதீர்கள், குளிரில் எந்த பேட்டரிக்கும் தெம்பு குறையும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட் நிற்கிறது? 10-க்குக் கீழே போனால் முதலில் அதைப் பாருங்கள். அப்படியே மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் போஸ்ட்டிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் உள்ளே பச்சை பூத்துக் கிடக்கிறது என்று அர்த்தம்.

மலைச்சரக்கு
பார்த்தேன் அண்ணா. 10.6 நிற்கிறது, எர்த் பக்கம் 0.2 தான்.

சாலையோரம்
ஏர் கிளீனரைத் திறந்து பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுங்கள், ஒரே அடியில் எடுக்கும். நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

பம்ப்ரூம்
ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அந்த வேலையே வேண்டாம். பழுத்துக் கிடக்கிற பிளக்கில் அந்த ஆவி பட்டால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும், ரிங் உடைந்தால் முழு எஞ்சினையும் இறக்க வேண்டும்.

தம்பி, பம்பையும் இப்போது கழற்றாதீர்கள். ரோட்டரி பம்பின் உள்ளே பிரஷர் ஏற்றுகிற ஹெட் தேய்ந்திருந்தால் சூட்டில்தான் அதிகம் தகராறு செய்யும், ஏனென்றால் சூடான டீசல் நீர்த்துப்போய் உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும், செல்ஃப் வேகத்தில் பிரஷர் ஏறாது. உங்கள் வண்டி மதியம் தொட்டவுடன் எடுக்கிறதே!

நீங்கள் எழுதியதில் முக்கியமான விஷயம் புகைதான். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தும் எடுக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. உங்களுக்கு முதலில் அது, அப்புறம் இது. ஆகவே இரண்டு கோளாறு இருக்கலாம்.

வீட்டில் வண்டியை எப்படி நிறுத்துகிறீர்கள்? மூக்கு மேட்டைப் பார்த்தா?

மலைச்சரக்கு
ஆமாங்க, மேட்டைப் பார்த்துத்தான். மண்டியில் சமதளம்.

பம்ப்ரூம்
அதான் கேட்டேன். மண்டியில் தரையும் சமம், குளிரும் குறைவு, அதனால் எது காரணம் என்று அங்கே பிரித்துப் பார்க்க முடியாது. வீட்டிலேயே ஒரு ராத்திரி மூக்கைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்துங்கள், சக்கரத்துக்குக் கட்டை போட மறக்காதீர்கள். டேங்க் பின்னால் இருக்கிறது. மூக்கு மேலே இருந்தால் லைனில் எங்கேயாவது ஏர் எடுத்து டீசல் மொத்தமும் டேங்குக்கு இறங்கிவிடும், காலையில் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். திருப்பி நிறுத்தியும் அதே கதை என்றால் நான் சொன்னது தப்பு. இன்னொரு காலையில் பழையபடி மேட்டைப் பார்த்தே நிறுத்திவிட்டு, சாவி போடுவதற்கு முன் ஃபில்டர் தலையில் உள்ள, டீசல் ஏற்றுகிற கை பம்பை அது கெட்டியாகும் வரை அமுக்கிப் பாருங்கள்.

ஏர் எடுக்கிற இடத்தைக் கண்ணால் தேடாதீர்கள். இழுக்கிற பக்கம் காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே சொட்டாது, வெளியில் காய்ந்தே இருக்கும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் டீசல் தாங்குகிற கண்ணாடி ஹோஸ் ஒரு முழம் போட்டால் குமிழி ஓடுவது தெரியும். சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சுகிற நாசில்களுக்கு நடுவே ஓடுகிற சின்ன ரிட்டர்ன் ஹோஸ்களையும் விரலால் மடக்கிப் பாருங்கள், பழைய வண்டிகளில் அதுதான் முதலில் வெடிக்கும்.

ஹீட்டர் விளக்கு எரிந்து அணைவதை நம்பாதீர்கள், அது நேரக் கணக்குதான். பிளக்குகளை மேலே இணைக்கிற பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை ஒவ்வொரு பிளக்கிலும் தொடுங்கள். எரியாத பிளக் செத்தது.

மலைச்சரக்கு
திருப்பி நிறுத்தினேன், புகை உடனே வந்தது, ஆனால் ஆட்டமும் வெள்ளைப் புகையும் அப்படியே. கை பம்ப் அடித்தாலும் அதேதான். கண்ணாடி ஹோஸில் குமிழி ஓடுகிறது. ஃபில்டருக்கு வருகிற ஹோஸில் கிளிப்புக்கு அடியில் முடி மாதிரி ஒரு வெடிப்பு, நுனியை வெட்டிவிட்டு மாட்டியதும் குமிழி நின்றுவிட்டது. பிளக்கில் இரண்டு எரியவில்லை, நாளைக்குக் கழற்றலாம் என்றிருக்கிறேன்.

பம்ப்ரூம்
நாலையும் மாற்றிவிடுங்கள். ராத்திரியே துருவை இளக்குகிற ஆயில் விட்டு வைத்து, எஞ்சினைச் சூடாக்கிவிட்டுக் கழற்றுங்கள். இறுகினால் பலம் போடாமல் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள், உள்ளே முறிந்தால் எஞ்சின் ஹெட்டை இறக்க வேண்டி வரும்.