தென்னாப்பிரிக்காவில் டர்பன், மாரிட்ஸ்பர்க் பக்கம் மியூசிக்கல், அதாவது பாட்டு நாடகம் பார்த்தவர்களே, மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

சேட்ஸ்வொர்த் அக்கா:

2023, லோட் ஷெடிங் என்கிற முறை வைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த சமயம். ஸ்டேன்ஜர் பக்கம் ஒரு வாடகை ஹாலில் நம் வட்டாரக் குழு ஒன்று 'அன்னி' போட்டது. பக்கத்து வீட்டுப் பெண் கோரஸில் இருந்ததால் வேன் பிடித்துப் போனோம். கதை தெரியும்தானே, அநாதை விடுதி, செம்பட்டை முடி, நாய். விடுதியிலிருந்து ஓடிவந்த பிள்ளை தெருவில் நாயைக் கட்டிக்கொண்டு நாளைக்குச் சூரியன் வரும் என்று பாடும் இடம் வந்தது. அந்த வரியைப் பாட வாயெடுத்தாள், கரண்ட் போய்விட்டது. ஹாலே சிரித்தது, நானும்தான். இசை பதிவு செய்த ட்ராக்கில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் மைக்கும் ஒன்றாக நின்றுவிட்டன. பத்துப் பதினொரு வயசு இருக்கும், அவள் மட்டும் நிறுத்தவில்லை. வெறும் தொண்டையில் இருட்டில் பாடிக்கொண்டே போனாள், சிரிப்பு அடங்கிவிட்டது, முன்வரிசையில் ஒருவர் போன் விளக்கைக் காட்ட அப்புறம் எல்லோரும் காட்டினார்கள். கடைசி வரியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் வந்தது, யாரோ ட்ராக்கை முதலிலிருந்து போட்டுவிட்டார்கள்! பிள்ளை திறந்த வாயோடு சவுண்டுக்காரர் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். சனம் திரும்பச் சிரித்தது. இருட்டில் பாடியதற்குக் கிடைத்திருக்க வேண்டிய கைதட்டல் கிடைக்கவே இல்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

டொங்காட் சவுண்டுத் தம்பி:

அக்கா, அந்த ஷோவில் நான் இல்லை, ஆனால் அதே மாதிரி சவுண்டு டெஸ்க்கில் உட்காருகிறவன் என்பதால் சொல்கிறேன். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, அது சாகாது. சாவது மிக்ஸரும் ஆம்ப்ளிஃபயரும் மைக் ரிசீவரும்தான். ஆகவே கரண்ட் திரும்பியதும் தானாக எதுவும் முதலிலிருந்து ஓடாது, பதற்றத்தில் ஒருவர் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். மிக்ஸருக்கு ஒரு யூபிஎஸ் போதும், பெரிய செலவே இல்லை. மின்வெட்டு நேரம் காட்டும் எஸ்கொம்சேபுஷ் ஆப்பில் எத்தனை மணிக்கு வெட்டு என்று முன்னாடியே தெரிந்துவிடும், இடைவேளையை அந்த நேரத்துக்குத் தள்ளி வைத்திருக்கலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம். இன்னொன்று, பிள்ளைகளை இந்தக் குழுக்களில் சேர்க்கிற பெற்றோர் கவனத்துக்கு: ரேடியோ மைக்கை நெற்றி ஓரத்திலோ கன்னத்திலோ டேப் போட்டு ஒட்டுவார்கள், அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து அனுப்பாதீர்கள், டேப் நிற்காது. ஜிமிக்கி வேண்டாம், மைக்கில் கிணுகிணு என்று கேட்கும். குழு கொடுக்கிற பாட்டுப் புத்தகம் பெரும்பாலும் வாடகைப் புத்தகம், ஷோ முடிந்ததும் உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அதனால் பென்சிலில் மட்டும் எழுதச் சொல்லுங்கள், கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருக்கும். பார்க்கப் போகிறவர்கள் முன்வரிசைக்கு அடித்துக்கொள்ளாதீர்கள். சவுண்டு டெஸ்க்குக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்காருங்கள், அந்த ஆள் தன் காதுக்கு நன்றாகக் கேட்கும்படிதான் மிக்ஸ் செய்வார். என் சம்பவம்? ஒரு முறை கதாநாயகன் மைக்கை அணைக்காமல் பாத்ரூம் போய்விட்டார். அவ்வளவுதான்.

மாரிட்ஸ்பர்க் தாத்தா:

தம்பி, யூபிஎஸ் வைத்தாலும் ட்ராக் ட்ராக்தான். அந்தப் பெண் பாட்டை நீட்டினால் மெஷின் நீட்டுமா? நம் கோயில் மைதானங்களில் விடிய விடியக் கூத்து நடந்த காலத்தில், சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்களே அதுதான், ஆர்மோனியக்காரர் கண் வேஷக்காரன் வாய்மேலேயே இருக்கும். அவன் வசனத்தை மறந்தால் இவர் சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

சரி, என் கதை. டர்பன் பிளேஹவுஸ் 1935-ல் சினிமாக் கொட்டகையாகக் கட்டியது. சினிமாவாக இருந்த காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான், நாம் உள்ளே போக முடியாது, நமக்கு கிரே ஸ்ட்ரீட் பக்கத்து ஷா ஜஹான், அவலான் கொட்டகைகள்தான். 1986-ல் அதை நாடக அரங்கமாக மாற்றித் திறந்தார்கள். அதற்கப்புறம் ஒரு டிசம்பரில் அம்மாவை அழைத்துப் போனேன், ஏதோ ஒரு வெள்ளைக்கார மியூசிக்கல், பெயர்கூட இப்போது வாயில் வரவில்லை. அம்மா கரும்புத் தோட்டத்து பாரக்ஸில் பிறந்து வளர்ந்தவர், கூத்தைத் தவிர வேறு மேடை பார்த்ததில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த அரங்கத்தின் உள்பக்கம் பழைய இங்கிலீஷ் தெரு மாதிரி மரச்சட்டம் போட்ட வீடுகள், மேலே ராத்திரி வானம் போலக் கூரை, அதில் சின்ன விளக்குகள் நட்சத்திரமாக. விளக்கை அணைத்து ஆட்டம் ஆரம்பித்துவிட்டார்கள், அம்மா மேடையைப் பார்க்கவே இல்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் காதில் சத்தமாகவே கேட்டார்: "ஏன்டா, மழ வந்தா இவங்கள்லாம் எங்கடா ஓடுவாங்க?" முன்னால் இருந்த வெள்ளைக்காரம்மா திரும்பி முறைத்தார். நான் பதில் சொல்வதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அது கூரை என்று அம்மா நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

ஃபீனிக்ஸ் அம்மா:

என் மகள் 'சரஃபினா' கோரஸில் இருந்தாள். தெரியாதவர்களுக்கு, 1987-ல் ஜோஹன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் முதலில் மேடையேறி அப்புறம் பிராட்வே வரை போனது, 1976 சொவேட்டோ பள்ளிப் பிள்ளைகளின் எழுச்சியைப் பற்றியது. எல்லோரும் பள்ளிச் சீருடையில் ஆடுவார்கள். நம் இந்தியப் பிள்ளை இவள் ஒருத்திதான், எனக்கு முதலில் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. முடிந்ததும் வாசலில் ஒரு ஜுலுப் பாட்டி வந்து இவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து நீளமாக ஏதோ சொன்னார், இவளும் ஜுலுவிலேயே பதில் சொன்னாள், இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. கேட்டால் "ஒண்ணும் இல்லம்மா" என்கிறாள். இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை!

சில்வர்கிளென் அண்ணன்:

எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. 'சரஃபினா' எழுதிய அதே ஆசிரியர், ம்போங்கெனி ந்கெமா, நம் இந்திய ஜனங்களைச் சாடி எழுதிய பாட்டு 2002-ல் எவ்வளவு பெரிய விவகாரம் ஆயிற்று என்பதை மறந்துவிட்டீர்களா? அதை ஒலிபரப்பக் கூடாது என்று ஒலிபரப்புப் புகார் ஆணையமே சொல்லியது. அந்த நாடகத்துக்கு டிக்கெட் வாங்க எனக்கு மனசு வரவில்லை.

ஃபீனிக்ஸ் அம்மா:

மறக்கவில்லை அண்ணா. அந்தப் பாட்டு எனக்கும் வலித்தது. ஆனால் நாடகம் அதற்குப் பதினைந்து வருஷம் முன்னால் எழுதியது, சுடப்பட்ட பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. பாட்டு வந்தபோது என் மகள் பிறக்கவே இல்லை. அவளை வீட்டில் உட்காரவைத்தால் யாருக்கு என்ன லாபம்? நீங்கள் போகாதீர்கள், அது உங்கள் இஷ்டம்.

வெருலம் வாயாடி:

சண்டையை விடுங்கள், நான் சிரிக்க ஒன்று சொல்கிறேன். இதுவும் 'அன்னி'தான், ஆனால் அக்கா சொன்ன குழு இல்லை. விடுதி நடத்துகிற குடிகார மிஸ் ஹானிகனாக என் சித்தி. நியூயார்க் உச்சரிப்புதான் வேண்டும் என்று டைரக்டர் உயிரை வாங்கியதில் சித்தி வீட்டில் ரொட்டி சுடும்போதும் மூக்கால்தான் பேசினார். முதல் நாள் ஷோ. பிள்ளைகள் தரை துடைத்துக்கொண்டு பாடுகிற பாட்டுக்கு வாளியில் நிஜத் தண்ணீரே வைத்திருந்தார்கள், ஒரு பொடிசு அதைத் தட்டிவிட்டது. அடுத்து சித்தி உள்ளே வந்தார், வழுக்கினார், "ஐயோ கடவுளே, இடுப்பு போச்சு" என்றார், அதுவும் சுத்தமான வெருலம் தமிழில்! நம் ஆட்கள் இருந்த பாதி ஹால் விழுந்து விழுந்து சிரித்தது, மீதிப் பாதி என்ன சொன்னார் என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. சித்தி அசரவில்லை, எழுந்து அடுத்த வசனத்தை நியூயார்க்கில் பேசினார். மாமாவையும் கூட்டிக்கொண்டு அதைக் கேட்கவே இரண்டாம் தடவை போனேன். தண்ணீரும் இல்லை, ஐயோவும் இல்லை. டைரக்டர் தூக்கிவிட்டாராம்.

டொங்காட் சவுண்டுத் தம்பி:

டைரக்டர் செய்தது சரி. உரிமம் வாங்கும்போதே எழுதியிருக்கும், வசனத்தில் ஒரு சொல்கூட மாற்றக் கூடாது, பாட்டை வெட்டக் கூடாது. புகார் போனால் உரிமத்தையே ரத்து செய்யலாம், மீதி ஷோக்கள் அவ்வளவுதான். சினிமாவில் வேறு மாதிரி முடிகிறதே, நாமும் மாற்றிக்கொள்ளலாம் என்று எத்தனை குழு நினைக்கிறது தெரியுமா? முடியாது.

மாரிட்ஸ்பர்க் தாத்தா:

வழுக்கி விழுந்தவள் ஐயோ என்று சொல்வதற்கு நியூயார்க்கில் அனுமதி கேட்க வேண்டுமா? கூத்தில் கட்டியங்காரன் அரிச்சந்திரன் மயானத்தில் நிற்கும்போதுகூட முன்னால் உட்கார்ந்திருக்கிற கோயில் தலைவரை ஒரு வாங்கு வாங்குவான், தலைவரும் சிரிப்பார்.

டொங்காட் சவுண்டுத் தம்பி:

தாத்தா, அரிச்சந்திரனுக்கு ராயல்டி கிடையாது. இதற்கு உண்டு.

வெருலம் வாயாடி:

தம்பி, வசனத்தை மாற்றவில்லை, விழுந்துதானே வைத்தார், விழுவதற்கு எந்தப் பக்கத்தில் விதி எழுதியிருக்கிறது? அடுத்த வருஷம் மறுபடி போடுகிறார்களாம். சித்திக்குத் தெரியாமல் அந்தப் பொடிசிடம் பேசி வைத்திருக்கிறேன், வாளிக்கு நான் பொறுப்பு.