பானட்டுக்குள் ஓட்டைகளை அடைப்பதா, விடுவதா? 1970 எம்ஜிபி

கோவில்பட்டிப் பொண்ணு, டோங்காட்

வணக்கம். சொந்த ஊர் கோவில்பட்டி. கல்யாணமாகி 9 வருடமாகத் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் இருக்கிறேன். என் கணவர் இங்கேயே பிறந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. நீங்கள் எழுதுவதை நான் வாசித்துக் காட்டுவேன், அவருக்கும் சேர்த்தே எழுதுங்கள்.

வண்டி 1970 எம்ஜிபி ரோட்ஸ்டர், மேல் திறந்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அவருடைய பெரியப்பா ஓட்டியது. பெரியப்பா போன பிறகு 14 வருடம் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் கிடந்தது. போன ஜூனில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரிக்காமல் ஒன்றாகவே செயின் புளாக்கில் தூக்கினோம். அவர் சங்கிலியை இழுக்க, நான் கியர்பாக்ஸ் வாலைச் சாய்த்துக் கொடுத்தேன். எஞ்சின் வேலை முடிந்துவிட்டது. இங்கே 2006 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது என்பதால் எக்ஸாஸ்ட் வால்வுகள் உட்காரும் இடம் தேயாமலிருக்கக் கெட்டியான சீட் போட்டாயிற்று. என் கேள்வி எஞ்சினைப் பற்றியதல்ல, அது உட்காரப்போகும் இடத்தைப் பற்றியது.

அந்த இடம் மோசமாக இருந்தது. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் வருடக்கணக்கில் கசிந்து, அதன் கீழே பெயின்ட் முழுக்க உரிந்து வெறும் தகடு துருப்பிடித்திருந்தது. ஹீட்டர் பெட்டியைக் கழற்றியபோது ஃபயர்வால் தட்டில் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) ஒரு கைப்பிடி மக்கிய இலை. காற்று வரும் அறையிலிருந்து தண்ணீரை வெளியே விடும் குழாய் அடைத்துக்கொண்டதால், மழை நீரெல்லாம் அங்கேயே தங்கியிருக்கிறது. கறுப்புப் பெயின்டைச் சுரண்டினால் அடியில் பச்சை. வண்டியின் உண்மையான நிறம் அதுதான்.

முதலில் ஒரு கடையில் கொடுத்தோம். எண்ணெயைச் சரியாகத் துடைக்காமல் மேலேயே அடித்துக் கொடுத்தார்கள். 3 வாரத்தில் விரலால் தேய்த்தாலே தோல் மாதிரி உரிந்து வந்தது. கொடுத்த பணம் போனது போனதுதான். இனி நாமே செய்வோம் என்று முடிவெடுத்து, இரண்டு பேரும் உப்புத்தாளும் கையுமாக 5 ஞாயிற்றுக்கிழமை தேய்த்து இப்போது வெறும் தகட்டுக்கு வந்திருக்கிறோம்.

எங்களுக்குள் ஒத்துப்போகாத விஷயம் இதுதான். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள், வயரிங் என் பொறுப்பு. பானட்டைத் திறந்தால் எஞ்சின் மட்டும்தான் தெரிய வேண்டும், ஓட்டை எல்லாவற்றையும் வெல்டு வைத்து அடைத்து, வயர்கள் முழுவதையும் ஃபெண்டருக்குள் (முன் சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டுக்குள்) கொண்டுபோய் மறைத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. எண்ணிப் பார்த்தேன், 31 ஓட்டை. தொழிற்சாலையில் போட்ட ஓட்டையைத் தொடக்கூடாது என்கிறார் அவர். அதைவிட முக்கியமாக, ஃபயர்வாலில் பெரியப்பா சின்னதாக ஒரு பித்தளை முருகன் வேல் ரிவெட் அடித்து வைத்திருக்கிறார். அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்கிறார். அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மற்ற ஓட்டைகள்?

பெயின்டுக்கு என்ன வரிசை என்பதையும் சொல்லுங்கள். இங்கே கடல் காற்று, ஈரம். போதாததற்கு ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டும் காலம். தோட்டத்தில் தீ வைத்தால் கறுப்புச் சாம்பல் பறந்து வந்து துணிக்கொடியில்கூட விழும்.

பீட்டர்மரிட்ஸ்பர்க் மெக்கானிக்

தங்கச்சி, 30 வருடம் ஒர்க்‌ஷாப் நடத்தியவன் நான். அதில் பாதி நாள் பிரிட்டிஷ் வண்டிதான். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி, நீங்கள் சொல்வதிலும் பாதி சரி.

எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். எம்ஜிபி 1962லிருந்து 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் தயாரான வண்டி. பாகம் இன்றைக்கும் கிடைக்கிறது. நாளைக்கு ஒரு பிராக்கெட் வாங்கி வந்தால் பழைய ஓட்டையில் அப்படியே உட்காரும். அடைத்துவிட்டால் மறுபடி துளை போட்டுப் புதுப் பெயின்டை நீங்களே வெட்ட வேண்டும். 31இல் எது தொழிற்சாலை ஓட்டை, எது பின்னால் யாரோ போட்டது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். விளிம்பு சுத்தமாக, வட்டம் பிசகாமல் இருந்தால் பெரும்பாலும் தொழிற்சாலை. பிசிறடித்து, ஒரு பக்கம் இழுத்திருந்தால் கை டிரில். பின்னால் வந்ததை மட்டும் அடைத்துவிடுங்கள்.

அடைப்பதென்றால் பட்டி வைத்து அடைக்கவே கூடாது. எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் அது வளையமாக வெடித்து வந்துவிடும். பின்பக்கம் ஒரு செம்புத் தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு மிக் வெல்டில் (கம்பி தானாக வந்து உருகும் வெல்டு) சின்னச் சின்னப் பொட்டாக வையுங்கள். செம்பில் வெல்டு ஒட்டாது. ஒரு பொட்டு வைத்தால் ஆறவிட்டு இன்னோர் இடத்துக்குப் போங்கள். ஒரே மூச்சில் வைத்தால் தகடு நெளிந்துவிடும், அப்புறம் அதை நிமிர்த்துவது பெரிய பாடு.

பெயின்ட்: வெறும் தகட்டை ஒரு இரவுகூட அப்படியே விடாதீர்கள். உங்கள் ஊர்க் காற்றில் காலையில் மஞ்சள் துரு படிந்திருக்கும். மெழுகும் எண்ணெயும் எடுக்கும் திரவத்தால் இரண்டு முறை துடையுங்கள், ஒரு துணியில் ஈரமாக, இன்னொரு துணியில் உலர்வாக. அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு). சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், எபாக்ஸி அப்படியல்ல. அதன் மேல், தகடுகள் சேரும் இடுக்குகளை அடைக்கும் சீம் சீலர், பிறகு நிறம். பனி முழுக்க உலர்ந்த பிறகு தொடங்கி, மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் எப்போது தீ வைப்பார்கள் என்று விசாரிக்க முடிந்தால் விசாரியுங்கள். இல்லாவிட்டால் கராஜ் வாசலில் பிளாஸ்டிக் திரை கட்டுங்கள், தரையை நனைத்துவிட்டு அடியுங்கள்.

இன்னொன்று, கட்டாயம். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பெயின்டில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற, மூச்சைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கும். தூசிக்குப் போடும் சாதாரண மாஸ்க் அதற்குப் போதாது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவனுக்கு 40 வயதில் ஆஸ்துமா வந்தது. நிறம் அடிக்கும் அந்த ஒரு நாள் வேலையை மட்டும் முறையான பூத் (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) உள்ளவரிடம் கொடுத்தால்கூடத் தப்பில்லை. தேய்ப்பு, வெல்டு, துடைப்பு எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும்.

லெனேசியா வாசகன்

அக்கா, எஞ்சின் நம்பர் தகட்டைப் பத்திரமாக வையுங்கள். இந்த எஞ்சினில் அது பிளாக்கின் பக்கவாட்டில் ரிவெட் அடித்த சின்னத் தகடுதான். கழுவக் கொடுத்த இடத்தில் என் அண்ணனுடையது தொலைந்தே போனது. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் இருக்கிறது, வண்டியில் காட்ட முடியாவிட்டால் அலைச்சல். வேல் படம் ஒன்று போடுங்களேன்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன், கோயம்புத்தூர்

சகோதரி, வயரை மறைக்கும் முன் இரண்டு விஷயம்.

முதலாவது, பழுப்பு வயர். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டியில் பழுப்பு என்றால் சாவி இல்லாமலே எப்போதும் கரண்ட் உள்ளது. உங்கள் வண்டியில் அதற்கு ஃபியூஸே கிடையாது. வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை சாவியும் ஃபியூஸும் தாண்டி வருவது, கறுப்பு எர்த். ஃபெண்டருக்குள் கொண்டுபோகும்போது பழுப்பு வயர் ஒரு தகட்டு விளிம்பில் உரசினால் போதும், வண்டி நின்றிருக்கும்போதே தீப்பிடிக்கும். ஒவ்வொரு துளையிலும் ரப்பர் கிரோமெட் (விளிம்பை மூடும் வளையம்) போடுங்கள். பேட்டரி சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அங்கேயே ஒரு பெரிய ஃபியூஸ் வைத்து பழுப்பை அதன் வழியாகக் கொண்டுவாருங்கள். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளை மட்டும் அந்த ஃபியூஸில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது எர்த். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்டைக் கடத்தாது. பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள பின்னல் பட்டைதான் ஸ்டார்ட்டரின் திரும்பு வழி. புதுப் பெயின்டின் மேல் அந்தப் பட்டையை முடுக்கினாலோ, போட மறந்தாலோ, ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகவும் சோக் கேபிள் வழியாகவும் போகும். கேபிள் பழுக்கச் சிவந்து உருகி ஒட்டிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆக்ஸிலேட்டர் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எர்த் இடங்களில் பெயின்டுக்கு முன் டேப் ஒட்டிவிடுங்கள்.

கோவில்பட்டிப் பொண்ணு, டோங்காட்

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மெக்கானிக் அண்ணன் சொன்ன விளிம்பு விஷயத்தைக் கேட்டதும் அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டார். இரண்டு பேருமாகச் சாக்பீஸில் குறித்தோம்: தொழிற்சாலை 22, பிற்பாடு போட்டது 9. அந்த 9இல் 2 வேலுடையது. ஆக அடைப்பது 7. 31 எங்கே, 7 எங்கே! என் ஆசையில் நிறையக் குறைந்துவிட்டது, ஆனாலும் ஏன் என்று இப்போது எனக்கே புரிகிறது.

எர்த் விஷயம் நெஞ்சைப் படபடக்க வைத்தது. பழைய பின்னல் பட்டையைத் தேடினோம், அது இல்லவே இல்லை. இவ்வளவு நாள் வண்டி எதன் வழியாக ஸ்டார்ட் ஆனது என்று பார்க்க ஆக்ஸிலேட்டர் கேபிளை எடுத்தோம். உறை ஓரிடத்தில் கருகி, உள்ளே கம்பி நீலம் பாரித்திருக்கிறது. கடைசிக் காலத்தில் பெரியப்பா பெடல் கெட்டியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். யாரும் காரணம் கண்டுபிடிக்கவில்லை.

வயரை ஃபெண்டருக்குள் கொண்டுபோவதை விட்டுவிட்டேன். பழைய பாதையிலேயே துணி டேப் சுற்றி, ஃபியூஸ் சேர்த்து, நேராகக் கட்டப்போகிறேன். கேபிளும் பட்டையும் புதிது சொல்லியாயிற்று. நிறம் அடிக்க பூத் உள்ள ஒருவரிடம் பேசியிருக்கிறோம், அதே பச்சை. பித்தளை வேலின் ரிவெட்டை உடைத்துக் கழற்றி, அதே இடத்தில் திரும்ப வைக்கப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். படம் நாளைக் காலை வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன்.