கச்சால் தீவில் தேர்தல் வேலை: அந்தமான் நிகோபார் அனுபவங்கள்

அந்தமான் நிகோபாரில் தேர்தல் வேலை பார்த்தவர்கள், ஓட்டுப் போட்டவர்கள், போட முடியாமல் போனவர்கள் எல்லாரும் எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் போர்ட் பிளேரில் ஆசிரியராக இருந்தேன். (இப்போது ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். என் வாயில் இன்னும் ஏறவில்லை.) வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம்: இங்கே சட்டமன்றம் கிடையாது. புதுச்சேரிக்கு உண்டு, நமக்கு இல்லை. வடக்கே டிக்லிபூரிலிருந்து தெற்கே கேம்பெல் பே வரைக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.பி. அவரையும் 1967-இல்தான் நாம் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தோம். அதற்கு முன் குடியரசுத் தலைவர் நியமிப்பார். 1952-இல் அப்படிப் போனவர் நிகோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன்.

பணி ஆணையில் ‘கச்சால்’ என்று பார்த்ததும் வீட்டில் புலம்பல். தேர்தல் ஏப்ரல் 11. நாங்கள் நான்கு நாள் முன்பே கப்பல் ஏறிவிட்டோம். இயந்திரப் பெட்டிகளைப் பச்சைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டு, ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருந்தோம். எனக்குக் கப்பல் ஆட்டம் ஆகாது. ஜெட்டியில் இறங்கி ஒரு மணி நேரம் கழித்தும் தரை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

சுனாமி அடித்த தீவு அது. 2001 கணக்கெடுப்பில் ஐயாயிரத்துக்கு மேல் இருந்த ஜனம், 2011-இல் ஏறக்குறைய பாதி. நிகோபாரிகள் தவிர, ரப்பர் தோட்டத்துக்காகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களும் இருக்கிறார்கள். சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்கள். இதைப் படித்திருந்தேன். ஆனால் வாசலில் வந்து நின்று “நல்லா இருக்கீங்களா ஐயா” என்று ஒருவர் கேட்டபோது சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. நாள் முழுக்க இந்தியிலேயே பேசிப் பழகிய வாய்.

அன்று காலை நான் ஒரு தப்புச் செய்யப் பார்த்தேன். ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டியபின், அந்தக் கணக்கை அழித்துவிட்டுத்தான் உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அழிக்காமலே சீல் வைக்கக் கையெடுத்துவிட்டேன். “சார், க்ளியர்?” என்றார் என் இரண்டாம் அலுவலர், மெதுவாக, ஏஜெண்டுகள் காதில் விழாதபடி. அந்த அம்மாளுக்கு இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

பத்து மணி வாக்கில் ஒரு பாட்டி, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எண்பது வயது இருக்கும். மை வைக்கும்போது விரலை உற்றுப் பார்த்துவிட்டு, “இது போவாதுல்ல?” என்றார்.

“உடனே போகாதும்மா, கொஞ்ச நாள் இருக்கும்.”

“ரப்பர் பாலும் இப்புடித்தான். துணியில பட்டா போவவே போவாது.” பிறகு, கேட்காமலே சொன்னார்: “அங்கன எங்களுக்கு ஓட்டு இல்லய்யா. எங்கப்பாவுக்கு இருந்துச்சாம், பொறகு புடுங்கிட்டாங்க. நான் கப்பலேறி வந்தப்பறந்தான் மொதத் தடவ போட்டேன்.”

1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோனது. பாடமாக நடத்தியிருக்கிறேன். ஐந்து மதிப்பெண் கேள்வி.

பாட்டி மறைப்புக்குள் போனார். வெகுநேரமாக பீப் சத்தம் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது, உதவவும் முடியாது. கடைசியில் சத்தம் வந்தது. வெளியே வந்து, “அந்தக் கண்ணாடியில சீட்டு விழுறவரைக்கும் பாத்தேன்” என்றார். யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் காட்டும் அந்தக் கருவி (விவிபேட்) அப்போது இங்கே வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. படித்தவர்களே பாதிப் பேர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

தொகுதி ஒன்றே ஒன்று என்பதால் எங்களுக்கும் ஒரு வசதி. பணிச் சான்றிதழைக் காட்டி, வேலை பார்த்த சாவடியிலேயே நானும் என் ஓட்டைப் போட்டேன். என் பெயர் இருப்பது போர்ட் பிளேர்ப் பட்டியலில், ஓட்டு விழுந்தது கச்சாலில்.

*

நீங்கள் சொல்லும் அதே 2019-இல் நான் சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். முதல் ஓட்டு. கப்பலில் மூன்று நாள் ஆகும், விமான டிக்கெட் விலையைக் கேட்டால் அப்பா போனை வைத்துவிடுவார். சரி, ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். மே 23 அன்று முடிவு: குல்தீப் ராய் சர்மா (காங்கிரஸ்) 95,308, விஷால் ஜாலி (பாஜக) 93,901. வித்தியாசம் 1,407. எங்கள் விடுதியில் மட்டும் தீவுப் பையன்கள் பதினோரு பேர் இருந்தோம். எந்தக் கட்சிக்குப் போட்டிருப்பேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. 2024-இல் முன்கூட்டியே டிக்கெட் போட்டு வந்தேன். அந்த முறை வித்தியாசம் 24 ஆயிரத்துக்கும் மேல்!

*

போர்ட் பிளேர் ஹாடோவில் கடை வைத்திருக்கிறேன், சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். 2024-இல் தமிழ்நாட்டுக்கும் இங்கேயும் ஒரே நாள், ஏப்ரல் 19. அதற்கு முன்னால் வேறு வேறு நாள் என்பதால் “ரெண்டு ஊர்லயும் போடலாம்ல” என்று கேலி பேசுவார்கள். எனக்குப் பெயர் இங்கே மட்டும்தான், மை வைத்த விரலோடு ஊருக்குப் போனால் மச்சான்தான் நம்பமாட்டான்.

தேர்தல் வருஷத்தில் பங்குனி உத்திரம் பார்க்க வேண்டும். 2011 கணக்குப்படி தீவில் தமிழ் பேசுகிறவர்கள் சுமார் 15 சதவீதம். காவடி கிளம்பும் இடத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் வேட்டியில் நிற்பார்கள். தமிழில் “வணக்கம்” வரைக்கும் தெரியும், அதற்குமேல் இந்திதான். பரவாயில்லை, அன்னதானத்துக்கு அரிசி மூட்டை வந்துவிடும்.

*

கேம்பெல் பேயில் இருக்கிறேன். 2024-இல் ஷோம்பென் பழங்குடியினர் முதல் முறையாக ஓட்டுப் போட்டார்கள், ஏழு பேர். பட்டியலில் இருந்தவர்கள் 98. செய்திகளில் ஏழு பேரின் படம் வந்தது. மீதிப் பேர் காட்டில் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் மொழியில் கேட்கத் தெரிந்தவர் இங்கே எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து என் தெருவில் யாரும் இல்லை.

*

கச்சால் பாட்டி 2024-இல் போட்டாரா?

*

தெரியவில்லை. அந்த முறை எனக்குப் பணி வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில். கச்சாலுக்குப் போன நண்பரிடம்தான் கேட்க வேண்டும். அவர் லீவில் மெயின்லேண்ட் போயிருக்கிறார், திரும்பி வர இன்னும் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லையாம்.